புயற்கூண்டும் ஏரிக்கரையும்: சோழமண்டலக் கடல் வானிலை முன்னறிவிப்பின் வரலாறும் படப்பைப் பகுதியும்

படப்பை என்பது சங்கச் செய்யுட்களில் பயின்று வரும் சொல். மனையைச் சார்ந்த தோட்டத்தையும் நீர்வளம் வாய்ந்த கொல்லையையும் அது குறிக்கும். அப்பெயர் தாங்கிய ஊரொன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், ஒரகடத்திற்குக் கிழக்கே அமைந்துள்ளது. கடற்கரையினின்றும் இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளடங்கிய இவ்வூரைக் கடல் வானிலை பற்றிய ஓர் ஆராய்ச்சியின் முன்னே வைப்பது சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். எனினும் வங்கக் கடலில் எழும் காற்றழுத்தத் தாழ்வின் இறுதிப் பயன் இத்தகைய உள்நாட்டு ஊர்களிலேயே நீராக வந்து சேர்கின்றது. அத்தாழ்வைக் கண்காணித்து முன்னுரைக்கும் கலையோ கப்பலோட்டிகளின் தேவையினின்று பிறந்து, அவர்தம் அளவைகளையும் குறிகளையும் கொண்டு வளர்ந்தது. காற்றை அளக்கும் அக்கலைக்கும் நீரை எதிர்நோக்கும் ஏரிநாட்டு மக்களுக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவரும் இடைவெளியை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பருவ அறிவு

முன்னறிவிப்பு என்பதற்கு முற்பட்டது பருவ அறிவு. காற்று இன்ன திங்களில் இன்ன திசையினின்று வீசும் என்னும் தெளிவு தமிழர்க்குத் தொன்றுதொட்டே இருந்தது. வடக்கினின்று வருவது வாடை, தெற்கினின்று வருவது தென்றல், கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று வருவது கோடை என நான்கு திசைக்கும் நான்கு பெயர் வகுத்தனர். கடலோர மக்களிடையே சோழகம், கச்சான் என்னும் பெயர்களும் வழங்குகின்றன. வெண்ணிக் குயத்தியார் பாடிய 66ஆம் புறப்பாட்டு, கரிகாலனுடைய முன்னோன் ஒருவன் காற்றின் தொழிலை அறிந்து ஆண்டு கலம் செலுத்திய பெருமையைப் போற்றுகின்றது. காற்றை ஆளுதல் என்பது காற்றின் காலத்தை அறிந்து அதற்கேற்ப நடத்தலேயாகும்.

ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் இக்கரைக்கு வந்த காலத்தும் இதே அறிவே காவலாக நின்றது. சென்னைக்கு அக்காலத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆதலின் வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபர் நடுவில் அவை கரையை விட்டு அகன்றுவிடுதல் வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தைப் பொருட்படுத்தாமையின் விளைவு 1746இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, அக்டோபர் நடுப்பகுதி வரை தம் கப்பல்களை இங்கேயே நிறுத்தியிருந்தார். ஒரே இரவில் வீசிய பெருங்காற்றில் அவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவை போருக்கு உதவாதனவாயின. பகைவர் பீரங்கிகள் செய்ய இயலாததைப் பருவம் செய்து முடித்தது.

பருவ அறிவின் வலிமையும் வரம்பும் இந்நிகழ்ச்சியால் ஒருங்கே விளங்கும். எந்தத் திங்களில் அஞ்சவேண்டும் என்று அது கூறும். எந்த நாளில் அஞ்சவேண்டும் என்று கூறாது. அந்நாளைக் குறிக்கும் முயற்சியே முன்னறிவிப்பின் வரலாறு.

2. 1790களின் இரு பணிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இந்நிலப்பகுதியில் இரண்டு பணிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் நம் பொருளுக்கு இன்றியமையாதது.

முதலாவது, சென்னை வானாய்வுக் கூடத்தின் தோற்றம். வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் ஓர் ஆய்வகம் அமைத்தார். அதனைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792இல் மைக்கேல் டாப்பிங் என்பாரின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் புதிய கூடம் எழுந்தது. வானியல், புவியியல், கடற்பயணம் ஆகியவற்றின் அறிவை வளர்த்தலே அதன் நோக்கம். கருவிகளைத் தாங்க நிறுத்திய கருங்கற்றூணில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது. இக்கூடத்தின் வழியே வானிலைப் பதிவுகளும் வளர்ந்தன. இன்றைய சென்னை மண்டல வானிலை மையமும் அவ்விடத்திலேயே இயங்குகின்றது.

இரண்டாவது, செங்கற்பட்டுச் சாகிர்ப் பகுதியின் ஏரிப்பணி. 1794 முதல் 1798 வரை இப்பகுதியின் ஆட்சியராயிருந்த லயோனல் பிளேஸ், போர்களாலும் புறக்கணிப்பாலும் சிதைந்து கிடந்த ஏரிகளைச் செப்பனிடுவித்தார். மதுராந்தகம் ஏரிக்கரை பெருமழையில் உடையும் என்று அவர் அஞ்சிய இரவில், இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றதைக் கண்டார் என்னும் மரபுக்கதை இன்றும் வழங்குகின்றது. அக்கோயில் மூர்த்திக்கு ஏரி காத்த இராமர் என்றே பெயர். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அது காட்டும் அச்சம் மெய்யானது. ஏரிநாட்டில் வாழ்வோர்க்குப் புயலின் பேரச்சம் காற்றன்று, கரையுடைப்பேயாகும்.

இவ்வச்சத்தை எதிர்கொள்ளும் அமைப்பு தமிழகத்தில் புதியதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. மதகும் கலிங்கும் கரையும் வாய்க்காலும் ஊரவையின் பொறுப்பாயிருந்தன.

ஆக, நுங்கம்பாக்கத்தில் கடலை நோக்கிய ஓர் அறிவும், செங்கற்பட்டில் ஏரியை நோக்கிய ஓர் அறிவும் ஒரே ஆட்சியின்கீழ் அருகருகே இயங்கின. ஆயினும் கடலிற் புறப்படும் காற்றும் ஏரியில் நிறையும் நீரும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள் என்பது ஆட்சிமுறையில் இடம்பெறவில்லை. அப்பிரிவு பின்னரும் தொடர்ந்தது.

3. கப்பலோட்டிகளின் கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புயல் பற்றிய அறிவு பெரிதும் வளர்ந்தது. கல்கத்தாவில் கடல்சார் நீதிமன்றத் தலைவராயிருந்த ஹென்றி பிடிங்டன், 1839 முதல் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, வங்கக் கடற் புயல்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். 1848இல் அவர் வெளியிட்ட நூலில், சுழன்று வீசும் இக்காற்றுக்குப் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘சைக்ளோன்’ என்னும் பெயரைப் படைத்தார். உலகெங்கும் இன்று வழங்கும் அச்சொல் வங்கக் கடற்கரையிற் பிறந்ததாகும். அந்நூல் மாலுமிகளின் கையேடு. புயலின் மையம் எத்திசையில் உள்ளது, கப்பலை எத்திசையில் திருப்பினால் தப்பலாம் என்பனவே அதன் உயிர்நாடி.

1864ஆம் ஆண்டு இவ்வறிவை ஆட்சிமுறைக்குள் கொணர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவையும், நவம்பர் முதல் நாள் மசூலிப்பட்டினத்தையும் பெரும்புயல்கள் தாக்கின. கடல்நீர் நிலத்துட் புகுந்து பல்லாயிரவரை மாய்த்தது. மறுவருடமே, 1865இல், கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயலெச்சரிக்கை அனுப்பும் முறை தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்று, ஹென்றி பிளான்போர்டு அதன் தலைவரானார். 1880களில் எச்சரிக்கை முறை ஏனைத் துறைமுகங்களுக்கும் பரவியது. சென்னையில் கட்டப்பெற்றுவந்த துறைமுகத்தின் அலைதாங்கிகளை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தமை அத்தேவையை மேலும் வலியுறுத்திற்று. 1890இல் ஜான் எலியட் வெளியிட்ட வங்கக் கடற் புயல் கையேடும் மாலுமிகளின் பயன்பாட்டிற்கென்றே எழுதப்பட்டது.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை போதரும். தந்தியும் காற்றழுத்தமானியும் கொண்டு வளர்ந்த இம்முறை, கப்பலையும் சரக்கையும் முதற்பொருளாகக் கொண்டது. கரையோர மக்கள் அதன் பயனை ஓரளவு பெற்றனர். உள்நாட்டு மக்கள் அதன் கருத்திலேயே இடம்பெறவில்லை.

4. கூண்டின் மொழி

துறைமுகக் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையுமான குறிகளையும், இரவில் வெண்மையும் செம்மையுமான விளக்குகளையும் ஏற்றிக் கப்பல்களை எச்சரித்தல் மரபு. இக்குறிகளைத் தமிழ்ச் செய்தித்தாள்களும் வானொலியும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று வழங்கின. பெரிய துறைமுகங்களில் இத்தகைய குறிகள் பதினொன்று உள. முதல் இரண்டும் தொலைவிலுள்ள தாழ்வையும் புயலையும் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே அச்சுறுத்தல் உண்டென்பதைக் காட்டும். ஐந்து முதல் ஏழு வரை அபாயக் குறிகள். எட்டு முதல் பத்து வரை பேரபாயக் குறிகள். பதினொன்று, வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்ததைத் தெரிவிக்கும்.

ஐந்தாம் குறிக்கும் ஆறாம் குறிக்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் அமையுமாயின் ஐந்து. வலப்புறம் அமையுமாயின் ஆறு. புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடப்பின் ஏழு. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே புயற்காற்று கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுழலும். மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்புறமாகிய வடபகுதியில் காற்று கடலினின்று நிலத்தை நோக்கி வீசிக் கடல்நீரைக் கரையேற்றும். இடப்புறமாகிய தென்பகுதியில் நிலத்தினின்று கடலை நோக்கி வீசும். நங்கூரத்தை எடுப்பதா, கயிற்றை இறுக்குவதா என முடிவு செய்யும் மாலுமிக்கு இவ்வேறுபாடு உயிர்ப்பொருள். ஆயின் எத்துணை மழை பெய்யும் என்பதை இப்பதினொரு குறிகளில் ஒன்றேனும் கூறுவதில்லை. கப்பலுக்கு மழையால் வரும் கேடு சிறிது என்பதே அதற்குக் காரணம்.

தாழ்வுகளைத் தரப்படுத்தும் முறையும் இவ்வாறே காற்றின் வேகத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. கடலோட்டிகளின் அளவையாகிய நாட்டு என்னும் அலகில், 17 முதல் 27 வரை தாழ்வு மண்டலம்; 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 34ஐத் தொட்டால் புயல்; 48ஐத் தொட்டால் தீவிரப் புயல்; 64ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். 2004 முதல் வங்கக் கடற் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கமும் வந்தது. 34 நாட்டை எட்டாத தாழ்வுக்குப் பெயருமில்லை. பெயரில்லாதது சிறியது என்று மக்கள் கருதிவிடுதல் இயல்பே.

5. ‘புயல்’ என்னும் சொல்

இவ்விடத்துப் ‘புயல்’ என்னும் சொல்லின் பொருள் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் நலம். பண்டை இலக்கியங்களில் இச்சொல் மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்துள் 14ஆம் குறளில் உழவன் ஏரெடுத்து உழுதற்கு எதிர்நோக்கும் மழை வளத்தையே திருவள்ளுவர் இச்சொல்லாற் கூறுகின்றார். இன்றோ அது கடுங்காற்றின் பெயராயிற்று. ஆங்கில வழி வந்த ‘சைக்ளோன்’ என்பதற்கு நேர்ச்சொல்லாக நின்றமையால், சுழற்சியும் வேகமும் அதன் முதற்பொருளாக, நீர் பின்னொதுங்கிற்று.

இது சொல்லளவில் நின்ற மாற்றமன்று என்பது எம் துணிபு. மேகத்தையும் மழையையும் நினைந்து வாழ்ந்த உழவர் மொழி, காற்றை அளந்து வாழ்ந்த மாலுமிகளின் கலைக்கு இடங்கொடுத்ததன் அடையாளம் அது. உள்நாட்டில் இன்றும் தேவைப்படுவது அப்பழம்பொருளே என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டும்.

6. படப்பையின் நீர்வழி

அடையாறு மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரிப் பகுதியில் தோன்றி, நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவு ஓடிச் சென்னையில் கடலொடு கலக்கின்றது. மணிமங்கலம் வரலாற்றாசிரியர் நன்கறிந்த ஊர். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியோடு பொருத களங்களுள் ஒன்று. ஒரகடம், படப்பை, மணிமங்கலம், ஆதனூர் ஆகிய ஊர்களின் ஏரிகள் நிறைந்து வழியும் நீர் அடையாற்றையே சேர்கின்றது. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரும் திருநீர்மலையருகே அவ்வாற்றில் கலக்கின்றது. ஒன்றன் கலிங்கு வழிந்தால் அடுத்ததன் மடி நிறையும் சங்கிலித்தொடர் இது. ஆதலின் படப்பையில் பெய்த மழை படப்பையில் நிற்பதில்லை; முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தாழ்நிலங்களிற் பரவிய பின்னரே கடலை நாடுகின்றது.

இப்பழைய நீர்ப்பரப்பின் மீது, 1990களின் பிற்பகுதி தொடங்கி, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாகனத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் எழுந்தன. கழனிகள் மனைகளாயின, ஏரிப் பாசனத்தை நம்பிய குடிகள் குறைந்தன, வெளியூரினின்றும் வெளிமாநிலங்களினின்றும் தொழிலாளர் வந்து குடியேறினர். இங்கு உருவாகும் ஊர்திகள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் வழியே கடல் கடக்கின்றன. கடல் வானிலை இவ்வட்டாரத்திற்கு இன்று இருவகையில் உரியதாயிற்று: கப்பலேறும் சரக்கின் வழியாகக் காற்றும், வழியும் ஏரியின் வழியாக நீரும். முன்னதை அறிய இவர்க்கு ஒரு முறை உண்டு. பின்னதை அறிய ஊரில் எஞ்சிய கரைக்காவல் மரபோ தேய்ந்துவருகின்றது.

7. மூன்று சான்றுகள்

முதற் சான்று 2015 டிசம்பர் வெள்ளம். டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அம்மழையைக் கொணர்ந்தது பெயர்பெற்ற புயலன்று. காற்றின் தரவரிசையில் மிகத் தாழ்ந்த படியில் நின்ற ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை. கனமழை வரும் என்ற முன்னறிவிப்பு இருந்தது. ஆனால் அம்மழை எந்த ஏரியை எந்நேரத்தில் நிறைக்கும், எந்தத் தெருவில் எத்துணை அடி நீர் நிற்கும் என்பதைச் சொல்லும் வாய் இல்லை. செம்பரம்பாக்கத்தினின்று நொடிக்கு 29,000 கன அடி அளவிற்கு நீர் திறக்கப்பட்டது. அடையாற்றுக் கரை மூழ்கியது. உயிர்கள் பல போயின. இவ்வட்டாரத் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின.

இரண்டாவது சான்று 2017இன் ஒக்கிப் புயல். அது குமரிக் கடலில் மிகக் குறுகிய காலத்தில் வலுப்பெற்று, நவம்பர் 30ஆம் நாள் புயலாயிற்று. அதற்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எண்ணற்ற குடும்பங்கள் தம் ஆடவரை இழந்தன. கடலோர்க்கென்றே பிறந்த கலை கடலோரையே எட்டாது நின்ற நிகழ்ச்சி இது. இதன்பின், கரையினின்று தொலைவிலுள்ள படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி 2019இல் அறிமுகமாயிற்று. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று பற்றிய அறிவிப்புகளைத் தமிழிலும் மீனவர்க்கு அளித்துவருகின்றது.

மூன்றாவது சான்று 2023இன் மிக்ஜாம் புயல். இதன் பாதையை வானிலைத் துறை முன்கூட்டியே கணித்துரைத்தது. புயல் டிசம்பர் 5ஆம் நாள் சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டர் வடக்கே ஆந்திரத்துப் பாபட்லா அருகில் கரையைக் கடந்தது. மாலுமியின் கணக்கில் அது ஆந்திரப் புயல். ஆயினும் டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் அது கரையோரமாக நகர்ந்தபோது பெய்த மழை சென்னையையும் அதன் தென்மேற்குப் புறநகரையும் மூழ்கடித்தது. ‘எங்கே கரையைக் கடக்கும்?’ என்னும் வினாவிற்குக் கிடைத்த சரியான விடை, ‘எங்கள் தெருவில் நீர் வருமா?’ என்னும் வினாவிற்கு விடையாகவில்லை. மேலும் கடல் கொந்தளித்துக் கரையில் நீர்மட்டம் உயருங்கால், முகத்துவாரத்தில் ஆற்றுநீர் இறங்குதல் தடைப்படும். அவ்வகையிலும் கடலின் நிலை படப்பை வரை தன் ஆட்சியைச் செலுத்துகின்றது.

8. முடிபு

இம்மூன்றையும் சீர்தூக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். கணிக்கும் ஆற்றல் 1865இன் தந்தியினின்று நெடுந்தொலைவு வளர்ந்துள்ளது. 2002இல் சென்னைத் துறைமுகத்தில் நிறுவப்பெற்ற டாப்ளர் ரேடாரும், வான்வழிச் செயற்கைக்கோள்களும், கணிப்பொறிகளும் மேகத்தின் ஒவ்வோர் அசைவையும் காட்டுகின்றன. குறைபாடு அறிவிப்பின் மொழியிலும் அது சென்று சேரும் வழியிலுமே மிகுதியாக உள்ளது.

வானிலைத் துறை இதனை உணர்ந்துள்ளது. கூண்டு எண்ணோடு நில்லாது, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களால் நிலத்து மக்களை எச்சரிக்கும் முறையும், விளையக்கூடிய பாதிப்பை உரைக்கும் முன்னறிவிப்பும் நடைமுறைக்கு வந்துள்ளன. எனினும் இம்முறையிலும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழை அனைத்தும் ‘அதிகனமழை’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கும். 21 செ.மீ. மழையில் ஏரி நிறையும், 49 செ.மீ. மழையில் ஊரே ஏரியாகும். இரண்டிற்கும் ஒரே சொல்லும் ஒரே நிறமுமெனின், கேட்போர் எங்ஙனம் பிரித்துணர்வர்?

நீரின் அளவை ஏரியின் உறுப்புகளைக் கொண்டு சொல்லும் மொழி தமிழில் உண்டு. மதகு மூழ்கியது, கலிங்கு வழிந்தது, கரை அரித்தது என்பன படிப்படியான எச்சரிக்கைகளே. இச்சொற்களை உள்ளூர்க் கரைக்காவலர் ஒவ்வொரு மழையிலும் வழங்கினர். ஊரார் கேட்டு ஏற்பன செய்தனர். கடலிலுள்ள தாழ்வின் கணிப்பை இன்ன ஏரியின் இன்ன கலிங்கோடு பொருத்திக் கூறும் அறிவிப்பு வருமாயின், 1790களில் அருகருகே இயங்கியும் ஒன்றாத இரண்டு அறிவுகளும் ஒன்றாகும். அதற்கு வேண்டும் கணக்கைப் பொறியியலாரும் வானிலையாரும் தருவர். வேண்டும் சொற்களைத் திரட்டித் தருதல் தமிழாய்வாளர் கடமை. ஏரிப்பாசனத்தை அறிந்த முதியோர் இவ்வட்டாரத்தில் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். புதிதாகக் குடியேறியோர்க்குத் தம் வீட்டிற்கு மேற்கே எத்தனை ஏரிகள் உள்ளன என்பதும் தெரியாது. அம்முதியோர் வாய்ச்சொற்களை முதுகலை மாணவர் ஊர்தோறும் சென்று பதிவு செய்தல் வேண்டும். ஊர்ப்பெயரையும் ஏரிப்பெயரையும் நீர்வழிப் பெயரையும் நிலப்படத்தோடு ஒப்பிட்டு வைத்தல் வேண்டும்.

புயல் என்னும் சொல் முன்னாளில் மழையைக் குறித்தது. அப்பொருளையும் உடன்கொண்டு அச்சொல் ஒலிபரப்பப்படும் நாளில்தான், கடலுக்கென எழுந்த முன்னறிவிப்புக் கலை படப்பை போன்ற ஊர்களுக்கும் உரியதாகும்.